தேதி தெரிந்த செலவுக்குக் கடன் எதற்கு?

மே மாதத்தின் கடைசி ஞாயிறு. சிதம்பரத்தில் நான் கணக்கு எழுதும் நோட்டுப் புத்தகக் கடையில் கால் வைக்க இடமில்லை. எங்கள் குமராட்சிப் பக்கத்துக்காரர் ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். துணி, ஷூ எல்லாம் வாங்கி முடித்துவிட்டுக் கடைசியாக எங்கள் கடைக்கு வந்திருக்கிறார். பள்ளியில் கொடுத்த பட்டியலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தபோது அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு தாளும் மேசையில் விழுந்தது. கையெழுத்தில் இரண்டே வரி: 6,000, ஐந்து வட்டி. சட்டென்று எடுத்து மடித்துக்கொண்டார். பில் போட்டு முடித்ததும், "ஒரு அம்பது ரூபா கொறச்சுக்கம்மா" என்றார். முதலாளி தலையசைத்தார். குறைத்தேன்.

அவர் போன பிறகு கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். ஐந்து வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். 6,000-க்கு மாதம் 300. நெல் பணம் கைக்கு வரும் தை வரை எட்டு மாதம் என்று வைத்தால் 2,400 ரூபாய். 40 ரூபாய் நோட்டை அவர் 56 ரூபாய்க்கு வாங்கிப் போயிருக்கிறார். நாங்கள் குறைத்த 50 ரூபாய், ஐந்தே நாள் வட்டி.

பள்ளிச் செலவைக் குறைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எந்தக் கடை மலிவு என்று பிறகு பார்க்கலாம், முதலில் காலண்டரைப் பாருங்கள். மருத்துவச் செலவு சொல்லாமல் வரும். பள்ளிச் செலவு அப்படியல்ல. ஜூன் மாதம் எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தேதி தெரிந்த செலவுக்குக் கடன் வாங்குவதுதான் இதில் இருக்கும் பெரிய நஷ்டம். மற்றதெல்லாம் சில்லறை. ஆனால் அந்தச் சில்லறையும் சேர்ந்தால் ஒரு ஷூ விலை வரும் என்பதால் அதையும் பார்ப்போம்.

ஜூன் ஏன் கடிக்கிறது?

குமராட்சி ஒன்றியம் கொள்ளிடக் கரையை ஒட்டிய கடைமடை. இங்கே பெரிய வருமானம் சம்பா. அறுவடை தையிலும் மாசியிலும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் விழுவதும், அறுவடை வேலைக்குப் போனவர்கள் கையில் நாலு காசு புழங்குவதும் அப்போதுதான். பங்குனி, சித்திரையில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா. வைகாசி முடிவதற்குள் கை காலி.

அந்த நேரத்தில்தான் பள்ளி திறக்கும். 2022-ல் ஜூன் 13, 2024-ல் ஜூன் 10, 2025-ல் ஜூன் 2. மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமாகக் குறிக்கும் நாளும் ஜூன் 12 என்பதைக் கவனியுங்கள். உழவு, விதை என்று வயல் காசு கேட்கும் அதே வாரத்தில் பிள்ளையும் ஷூ கேட்கிறது. கடன் கொடுப்பவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். நமக்குத்தான் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இருக்கிறது.

வருமானம் வரும் விதத்தைப் பொறுத்து வழியும் மாறும்.

அறுவடை வருமானக் குடும்பம்: நெல் பணம் விழுந்த வாரமே பள்ளிக்கான தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். இன்னொரு வங்கிக் கணக்கோ அஞ்சலகச் சேமிப்புக் கணக்கோ போதும். அரிசிப் பானையில் வைத்த பணம் கல்யாண மொய்க்குப் போய்விடும். அடுத்து, நோட்டை மாசியிலேயே வாங்குங்கள். மாசியில் நோட்டு கேட்டு எங்கள் கடைக்கு யாரும் வருவதில்லை. பரணில் போன சீசன் மிச்சம் கட்டுக் கட்டாக இருக்கும். முதலாளி சந்தோஷமாக விலை குறைத்துத் தருவார். அதே மனிதர் மே மாதம் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். தாளில் ஈரம் ஏறவில்லையா, ஓரம் பழுக்கவில்லையா என்று மட்டும் புரட்டிப் பார்த்து எடுங்கள்.

மாதச் சம்பளக் குடும்பம்: போன ஜூனில் மொத்தம் எவ்வளவு ஆனது என்று எழுதி 12-ஆல் வகுங்கள். 6,000 என்றால் மாதம் 500. சம்பளம் விழும் நாளிலேயே அது தொடர் வைப்புக் கணக்குக்குப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். ஓராண்டுத் தவணை மே மாதம் முதிரும்படி தொடங்குவது முக்கியம். தீபாவளி போனஸ் வருகிறவர்கள் அதில் கால் பங்கை இதற்கு ஒதுக்கினாலே பாதிச் சுமை இறங்கும்.

வாரக்கூலி, தினக்கூலிக் குடும்பம்: மொத்தமாக வாங்குவது உங்களுக்குச் சரிப்படாது. வாரம் ஒரு பொருள் என்று பிரியுங்கள். ஏப்ரலில் துணி, மே முதல் வாரம் தையல் கூலி, மூன்றாம் வாரம் நோட்டு, கடைசியில் ஷூ. ஷூ ஏன் கடைசியில் என்றால், பிள்ளையின் பாதம் விடுமுறையிலும் வளரும். நூறு நாள் வேலைக் கூலி எப்போது ஏறும் என்று உறுதியில்லை. அதை நம்பி ஜூனைத் திட்டமிட வேண்டாம்.

முதல் கடை, வீட்டுப் பரண்

மே மாதம் கடைக்குக் கிளம்பும் முன் போன வருடத்துப் பையைக் கூடத்தில் கவிழ்த்துக் கொட்டுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஏழாம் வகுப்பு முடித்த என் மகளோடு இதைச் செய்தபோது கிடைத்தவை: முழுதாக எழுதாத நோட்டு ஒன்பது, அவற்றில் இரண்டில் முதல் நாலு பக்கம் மட்டும் எழுதியிருந்தது. கவராயம் மட்டும் காணாமல் போன ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று. பென்சில் துண்டுகள் ஒரு கைப்பிடி. மூடி இல்லாத வாட்டர் பாட்டில். காய்ந்து கல்லாகிப் போன ஒரு புளியங்கொட்டை உருண்டை, அது எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

எழுதிய பக்கங்களை நடுப் பின்னோடு சேர்த்துக் கழற்றிவிட்டு, வெற்றுத் தாள்களை அடுக்கி, கோணி ஊசியும் நூலும் கொண்டு நடுவில் மூன்று இடத்தில் தைத்தேன். ரஃப் நோட்டு மூன்று தயார். ஆண்டு முழுக்க ரஃப் நோட்டு வாங்கவில்லை. ஜாமெட்ரி பாக்ஸுக்குக் கவராயம் மட்டும் தனியாக வாங்கினோம். பெரும்பாலான கடைகளில் உதிரியாகவே தருவார்கள், கேட்க வேண்டும், அவ்வளவுதான். பையில் ஜிப் போயிருந்தால் செருப்புத் தைப்பவரிடம் ஓட்டி மாற்றினாலே ஓடும். ஜிப் கெட்டதற்காகத் தூக்கிப் போட்ட பைகள்தான் அதிகம்.

இதை முடித்த பிறகுதான் பட்டியல். பட்டியலில் மூன்று பத்தி போடுங்கள்: இருக்கிறது, பள்ளியில் கிடைக்கும், வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது மூன்றாவது பத்தியை மட்டும் கிழித்து எடுத்துப் போங்கள்.

அரசுப் பள்ளி என்றால்...

இரண்டாவது பத்தியைப் பலர் நிரப்புவதே இல்லை. பள்ளியில் தரப்போகும் பொருளைப் பத்து நாள் முன்னால் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்கு விலையின்றிக் கிடைப்பவை இவை:

12-ஆம் வகுப்பு வரை பாடநூல், புத்தகப் பை.
10-ஆம் வகுப்பு வரை நோட்டு, காலணி.
சத்துணவுத் திட்டத்தில் பதிந்த 1 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் சீருடை.
வகுப்பைப் பொறுத்து கலர் பென்சில், கிரேயான், ஜாமெட்ரி பாக்ஸ், அட்லஸ்.
11-ஆம் வகுப்பில் சைக்கிள்.
பேருந்துக்கு இலவசப் பயண அட்டை.

உதவி பெறும் பள்ளியில் சுயநிதிப் பிரிவில் சேர்த்தால் இவற்றில் பல பொருந்தாது. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் எந்தப் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை எல்லாம் முதல் நாளே கைக்கு வராது. பாடநூலும் நோட்டும் பெரும்பாலும் திறந்தவுடன் வரும். சீருடை தவணையாக வரும். அதை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் அளவெடுத்துத் தைக்கின்றன. அளவெடுக்கும் நாளில் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும். அன்றைக்கு லீவு போட்டால் தொளதொளவென்று ஒன்று வந்து சேரும், அதைப் பிடிக்கத் தையல்காரருக்குத் தனிக் கூலி. புதிய சீருடை வரும்வரை பழையதைத் துவைத்துப் போட்டு அனுப்புங்கள். "முதல் நாள் புதுசு போடணும்" என்று ஒரு செட் வாங்குவதுதான் அரசுப் பள்ளிக் குடும்பங்கள் செய்யும் முதல் வீண் செலவு.

இரண்டாவது வீண் செலவு, காலை டிபனுக்கு என்று தனி டப்பா. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை காலையும் மதியமும் பள்ளியிலேயே சூடாகச் சாப்பாடு. சிதம்பரத்துக்கு வேலைக்குப் போக முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அம்மாவுக்கு இதில் மிச்சமாவது காசு மட்டுமல்ல, காலை அரை மணி நேரமும்கூட.

பணமாகவும் வரும். 10, 11-ஆம் வகுப்பில் தலா 1,500, 12-ல் 2,000 என மொத்தம் 5,000 ரூபாய் இடைநிற்றலைத் தடுக்கும் ஊக்கத்தொகை. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தேர்வு எழுதித் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வில் வென்றால் ஆண்டுக்கு 1,000, நான்கு ஆண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய். ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்று முடிவெடுக்கும்போது இந்தக் கணக்கும் மேசையில் இருக்கட்டும்.

திட்டத்தைப் பொறுத்து இவற்றுக்கு வேண்டியவை மூன்று: பிள்ளையின் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, சாதிச் சான்று. இ-சேவை மையத்தில் ஜூனில் வரிசை வாசலைத் தாண்டும். ஏப்ரலில் போனால் காத்திருக்காமல் விண்ணப்பித்துவிடலாம். ஜூனில் போனால் அரை நாள் கூலியோ ஒரு நாள் லீவோ போகும். அதுவும் பள்ளிச் செலவுதான்.

தனியார் பள்ளி என்றால்...

என் நாத்தனார் மகன் தனியார் பள்ளியில் படிக்கிறான். ஒரு வருடம் அவனுக்குக் கொடுத்த பட்டியலில் 23 நோட்டு இருந்தது. அத்தனையும் பள்ளி பெயர் அச்சிட்டது, பள்ளிக்குள்ளேயே வாங்க வேண்டும் என்றார்கள். மார்ச் மாதம் பார்த்தால் ஏழு நோட்டில் பத்துப் பக்கம்கூட எழுதவில்லை. அடுத்த வருடம் நாத்தனார் அவன் வகுப்பாசிரியரிடம் போய்ச் சண்டை போடவில்லை. எழுதாத நோட்டுகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, "டீச்சர், இதையே இந்த வருசமும் கொண்டாரலாங்களா?" என்று கேட்டாள். அட்டை மட்டும் புதிதாகப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். நேரில் மரியாதையாகக் கேட்டால் பாதி விஷயம் நடக்கும்.

மீதிப் பாதிக்குச் சட்டம் இருக்கிறது. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்கிறது, 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. உங்கள் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை என்ன என்று கேட்பது உங்கள் உரிமை. கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தலைப்பு எழுதிய ரசீது வாங்குங்கள். "இதர கட்டணம்" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால், எதெது என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்ட பிறகு சில வரிகள் தாமாகவே சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

எல்.கே.ஜி. அல்லது ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பவர்கள் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடஒதுக்கீட்டை விட்டுவிடக் கூடாது. ஆண்டு வருமானம் இரண்டு லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்கள் நலிந்த பிரிவில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்ப நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2025-ல் வழக்கமான கோடையைத் தாண்டி அக்டோபரில்தான் நடந்தது. அதனால் செய்தித்தாளில் ஒரு கண் இருக்கட்டும்.

புத்தகம். மாநிலப் பாடத்திட்டம் என்றால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களை அதன் இணையதளத்தில் முழுதாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பழைய புத்தகம் வாங்குவதும் நல்ல வழி, ஆனால் பாடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். என்.சி.இ.ஆர்.டி. 2024-ல் 3, 6-ஆம் வகுப்புகளுக்கும், 2025-ல் 4, 5, 7, 8-ஆம் வகுப்புகளுக்கும் புதிய புத்தகங்கள் கொண்டுவந்தது. அண்ணன் புத்தகம் தம்பிக்கு உதவாமல் போன வீடுகள் நிறைய. பக்கத்து வீட்டில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கும் முன் முதல் பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

கடைக்குள்: குயர் கணக்கு

இனி என் இடம். நோட்டு வாங்கும்போது பெரும்பாலோர் அட்டைப் படத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். நீங்கள் பக்க எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஒரு குயர் என்றால் 24 தாள். நடுவில் மடித்தால் 48 இலை, 96 பக்கம். இரண்டு குயர் நோட்டு 192 பக்கம். சில நோட்டு ஒரு குயர் மாதிரியே தெரியும், ஆனால் 80 பக்கம்தான் இருக்கும். இரண்டையும் விலையால் ஒப்பிடாதீர்கள். விலையைப் பக்கத்தால் வகுங்கள். ஒரு பக்கம் எத்தனை பைசா என்று பார்த்தால், பளபளப்பு அட்டை போட்ட நோட்டு ஏன் விலை அதிகம் என்று உடனே புரியும். அந்தப் பளபளப்பின் மேல்தான் நாம் பிரவுன் அட்டை போட்டு மூடுகிறோம்.

அடுத்து ஜி.எஸ்.எம். எனப்படும் தாளின் கனம். மெல்லிய தாளில் பேனா எழுத்து பின்பக்கம் ஊறும். பிள்ளை ஒரு பக்கம் விட்டு எழுதும், நோட்டு பாதி நாளில் தீரும். பேனாவில் எழுதும் வகுப்புக்குக் கொஞ்சம் கனமான தாள், பென்சில் வகுப்புக்குச் சாதாரணத் தாள். ஒரே குடும்பத்தில் மூன்றாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் ஒரே நோட்டு வாங்க வேண்டியதில்லை.

எல்லா நோட்டையும் ஜூனிலேயே வாங்கவும் வேண்டாம். கீழ் வகுப்புகளில் மூன்று பருவம் இருக்கிறது. முதல் பருவத்துக்கானதை ஜூனில், மற்றதைக் காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் வாங்கினால் செலவு மூன்றாகப் பிரியும். பிள்ளையின் முதுகும் பிழைக்கும். மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் புத்தகப் பைக் கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 25 கிலோ பிள்ளைக்கு இரண்டரைக் கிலோ. இரண்டு குயர் நோட்டு பத்து சுமந்தால் அதிலேயே பாதிக்கு மேல் போய்விடும்.

டஜன் விலைக்கும் சில்லறை விலைக்கும் நல்ல வித்தியாசம் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒரே ரகத்தில் ஒரு டஜன் தேவைப்படாது. தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரே பட்டியல் போட்டு, ஒருவர் மட்டும் சிதம்பரம் வந்து கட்டாக வாங்கிப் போகலாம். பெண் ஒருவர் வந்தால் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமும் கிடையாது. நாலு குடும்பம் பிள்ளைகளோடு வந்தால் மேல வீதியில் குளிர்பானம், ஐஸ்கிரீம், தேவையில்லாத கார்ட்டூன் பை என்று தலைக்கு நூறு ரூபாயாவது கரையும். பிள்ளையைக் கடைக்கு அழைத்து வர வேண்டிய ஒரே பொருள் ஷூ. அதைப் போட்டு நிற்க வைத்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள்.

வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான், வரைபடம் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஜாமெட்ரி பாக்ஸுக்கு 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஒரு ஜோடி 2,500 ரூபாய்க்கு மேற்படாத காலணிக்கும் 5 சதவீதம்தான். பில்லில் நோட்டுக்கு நேராக வரி என்று ஏதாவது எழுதியிருந்தால் "இது எதுக்குங்க?" என்று கேளுங்கள். துண்டுத் தாளில் கூட்டிக் கொடுத்தால் வேண்டாம், அச்சிட்ட பில் கேளுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் அதுதான் கைகொடுக்கும். எங்கள் முதலாளி இதைப் படித்தால் முகம் சுளிக்க மாட்டார், கேட்கும் வாடிக்கையாளர்தான் திரும்பி வருவார் என்பது அவருக்குத் தெரியும்.

எதில் கை இறுக்கக் கூடாது? இரண்டில்: ஷூ, பை. இரண்டும் தினமும் உடம்பில் இருப்பவை. பையில் பார்க்க வேண்டியது படம் அல்ல, தோள்பட்டி தைத்த இடம். இரட்டைத் தையல் இருக்கிறதா என்று உள்ளே கை விட்டுத் தடவிப் பாருங்கள். பை கிழிவது அந்த இடத்தில்தான்.

தைத்துப் போடும் சீருடை என்றால் துணியை ஏப்ரலில் எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மே இறுதியில் போனால் கூலி கூடும், தேதியும் தள்ளும். பாவாடை, பேன்ட் ஓரத்தில் இரண்டு அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லுங்கள். டிசம்பரில் ஒரு முறை பிரித்து இறக்கினால் அடுத்த மார்ச் வரை ஓடும்.

வேலை செய்யும் இடத்தில்

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு வருடம் தப்பும். அப்போது வட்டிக்காரரிடம் போகும் முன் முதலாளியிடம் போங்கள். முன்பணம் கேட்பதில் வெட்கமில்லை, ஆனால் முறை உண்டு. ஜூன் 1-ஆம் தேதி கல்லா முன்னால் நின்று தலையைச் சொறிவது முறையல்ல. மே பத்துக்குள், கூட்டமில்லாத நேரத்தில், மூன்று விஷயத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: எவ்வளவு, எத்தனை தவணை, எந்த மாதத்திலிருந்து.

"ஐயா, புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு நாலாயிரம் வேணும். ஜூலை சம்பளத்துலேர்ந்து மாசம் ஆயிரம் புடிச்சுக்குங்க, நாலு மாசத்துல முடிஞ்சுடும்."

இப்படிக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. "ஏதாவது பாத்துக் குடுங்க" என்று கேட்டவர்கள்தான் அலைந்திருக்கிறார்கள். கொடுத்த தொகையையும் பிடித்த தொகையையும் சம்பள ஏட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். தீபாவளி நேரத்தில் மனக்கசப்பு வராது.

நகை இருந்தால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். வட்டிக்காரர் வாங்கும் வட்டியோடு ஒப்பிட்டால் அங்கே ஒரு வருட வட்டி, வெளியே சில மாத வட்டிக்குத்தான் சமம். ஒரு நாள் அலைச்சலுக்கு அது தகும். அதீத வட்டி வாங்குவது தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டப்படி குற்றமாகிவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

நல வாரியங்களையும் மறக்க வேண்டாம். கட்டுமானம், தையல், ஓட்டுநர், உடலுழைப்பு என்று அமைப்புசாராத் தொழிலாளர்களுக்குத் தனித்தனி வாரியம் உண்டு. உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகிறார்கள். அட்டை எடுத்துவிட்டுப் பெட்டியில் போட்டு, புதுப்பிக்க மறந்தவர்கள் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர். கடையிலோ ஆலையிலோ சம்பளத்தில் தொழிலாளர் நல நிதி பிடிக்கிறார்கள் என்றால், தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியத்தின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். உங்களிடம் பிடித்த காசுதான், கேட்டு வாங்குங்கள். வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கி, பழைய முறையில் கணக்குக் காட்டுகிறவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் வரை கல்விக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு. கல்விக் கட்டணம் என்று தனியாகப் பிரித்து எழுதிய ரசீது வேண்டும் என்று முன்பு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மழைக்கு முன் ஒரு முறை

கடலூர் மாவட்டத்தில் பிள்ளை வளர்ப்பவருக்கு இன்னொரு சீசன் இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பரில் ஃபெஞ்சல். கொள்ளிடத்தில் தண்ணீர் ஏறினால் எங்கள் பக்கம் முதலில் நனைவது தாழ்வாக வைத்த புத்தகப் பைதான். சுவரில் இடுப்புக்கு மேலே ஓர் ஆணி அடித்துப் பையை அதில் மாட்டப் பழக்குங்கள். சான்றிதழ்களை ஒட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனில் படமும் எடுத்து வையுங்கள். 2015 வெள்ளத்தில் புத்தகம், சீருடை இழந்த பிள்ளைகளுக்கு அரசு மறுபடி கொடுத்தது. அப்படி ஒரு நிலை வந்தால் காசு கொடுத்து வாங்கும் முன் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மழைக்கோட்டும் குடையும் ஜூன் பட்டியலில் வேண்டாம், புரட்டாசியில் வாங்கினால் போதும். தோல் ஷூ ஐப்பசி மழையில் ஊறி வாய் பிளக்கும், பள்ளி அனுமதித்தால் அந்த இரண்டு மாதம் ரப்பர் செருப்பே நல்லது.

ஆக, காலண்டரில் குறிக்க வேண்டியவை இவ்வளவுதான். மாசியில் பணம் ஒதுக்கி நோட்டு. ஏப்ரலில் சான்றிதழும் துணியும். மே முதல் வாரம் பழைய பையைக் கொட்டிக் கணக்கெடுப்பு, பத்தாம் தேதிக்குள் முன்பணப் பேச்சு. கடைசி வாரம் ஷூ. புரட்டாசியில் குடை.

மே மாதக் கடைசி ஞாயிறு நான் அதே மேசைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு உங்களை அங்கே பார்க்காமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம். இதை மட்டும் எங்கள் முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.